ஒரு வேளை சோறும் ஒரு பேட்டியும்

...தாத்தாவாம்! ஹொன் தாத்தாவாம்! கேட்டீங்களாக்கா இந்த அநியாயத்த? போல் பாட் காலத்துல முகாம்ல போட்டு நம்மளப் பட்டினியில கொன்ன பாவி, இன்னைக்கு ஊருக்கே தாத்தா ஆயிட்டான். எல்லாம் அவனோட வெள்ளைக்கார வக்கீல் பண்ற வேல. கோர்ட்டுக்குள்ள ரெண்டு வார்த்த, வாசல்ல மைக்கப் பாத்துட்டா ரெண்டு மணி நேரம்! 'எண்பத்தஞ்சு வயசு, கண்ணு தெரியல, பேரன் கையப் புடிச்சுதான் நடக்குறாரு'... த்தூ! எங்கப்பனுக்குப் பேரன் கை வேணாமா?

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, வெயிலடிக்குது. படத்தக் கெட்டியாப் புடிங்க, பஸ்சு குலுங்குது. வீட்டுக்காரரா? ம்... கோர்ட்டுல நீங்க பாதிக்கப்பட்டவங்க வரிசையில உள்ள போயி உக்காருவீங்க. நாங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம். பொட்டலச் சோத்தத் தின்னுட்டு வேடிக்க பாக்கணும், வாயத் தொறக்கக் கூடாது.

எங்க விட்டேன்? ஆங்... பட்டம்பாங் சந்தையில என்ன பேசுறானுங்க தெரியுமா? 'அவரு நல்லவருப்பா, வயிறு நெறைய சோறு போட்டாராம், தன் கையாலயே பரிமாறுனாராம்.' போட்டான்! ஒரே ஒரு நாளு! சீனாக்காரங்க சுத்திப் பாக்க வந்தாங்கன்னு சோறும் மீனும் போட்டான். அவங்க வண்டி அந்தாண்ட போச்சு, மறுநாளே பழைய கஞ்சித் தண்ணி. எங்கப்பன் அதுலதான் போய்ச் சேந்தாரு. இத எவன் டிவியில சொல்றான்?

யாரு சொன்னதா? அந்தச் சோத்துக் கதையா?... அது... நாந்தான். மொறைக்காதீங்கக்கா! அந்த வக்கீல் டிவிக்காரனக் கூட்டிட்டு வந்து கேட்ட விதம் அப்படி. கைகூப்பிக்கிட்டே வீட்டுக்குள்ள வந்தான், என் மீன் கொழம்ப வழிச்சுத் தின்னான், 'உங்க ஞாபக சக்தி யாருக்கு வரும்'ன்னான். 'சாப்பாடு போட்டாரா'ன்னான். போட்டாருன்னேன். பொய்யா? என் பேட்டி வருதுன்னு தெருவையே கூட்டி வச்சு டிவியப் போட்டேன். என் தம்பி விரக் பாதியிலயே எந்திரிச்சுப் போனான். அவனும் அந்தக் கஞ்சி குடிச்சவந்தான். எட்டு மாசமாச்சு, வாசப்படி மிதிக்கல. எனக்குன்னு இருக்குறது அவன் ஒருத்தந்தான்.

நீங்களாவது உள்ள மிச்சத்தச் சொல்லுங்கக்கா... அப்பவே நான் ஏன் சொல்லலயா? அவன் கேக்கவே இல்ல!

...கேட்டான். 'வேற ஏதாவது சொல்லணுமாம்மா'ன்னு கேட்டான்தான். எனக்கு முடி கலஞ்சு கெடந்துச்சு... இன்னொரு தடவ எடுங்கன்னேன்.

யக்கா... படத்த எடுத்துக்கிட்டு எங்க போறீங்க? அங்க சீட்டு இல்லியே... புனோம் பென் வரைக்கும் நின்னுக்கிட்டேவா வருவீங்க?