பேசாத பெண்ணின் பாட்டுப் பரீட்சை

ஆம்பூரிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் கல்லூரியில் படிக்கும் மகளும். அவர்கள் பக்கத்தில் ஷூ கம்பெனி அட்டை மாட்டிய ஒருத்தி மகளிடம் பெயர் கேட்டாள்.

"அது பேசாதுக்கா," என்றாள் அம்மா.

"அய்யோ! இன்னா படிக்குது?"

"பி.ஏ. பாட்டு. இன்னிக்கு கடைசிப் பரீட்சை."

"வாய் பேசாத பொண்ணுக்குப் பாட்டுல இன்னாமா பரீட்சை?"

"மேடையில உக்காந்து ஒரு மணி நேரம் பாடணும்."

கம்பெனிக்காரி கண் கலங்கி, மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயப்படாத கண்ணு. சும்மா போய் உக்காரு, போதும். உனக்கு பெயில் போட எவனுக்கு மனசு வரும்?"

மகளின் தோள்கள் குலுங்கின. அம்மா பாய்ந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"சிரிக்காதடி! ரெண்டு நாளா பேசாம காப்பாத்தின தொண்ட. பாடி முடிக்கிற வரைக்கும் வாயத் தெறக்காத!"