பனிக்காட்டில் நிற்கும் ஆள்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலைக்குப் போகும் பஸ். நல்ல வெயில். முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார்கள்.

"எனக்க ஆளு பனிக்காட்டில ஒத்தைக்கு நிக்கியான்" என்றாள் அவள்.

நான் காதைக் கொடுத்தேன்.

"கம்ப்யூட்டர் கேமில உள்ளவன்தானே? நிக்கட்டும்" என்றான் புருஷன்.

"அந்தக் காட்டைத் தாண்டி சத்திரத்துக்குப் போனாத்தான் சேவ் ஆவும். அதுக்குள்ள நீங்க கெடந்து விளிச்சிட்டிய. அப்படியே போட்டுட்டு வந்தேன்."

"பின்னே, தாலிகெட்டு முடிஞ்ச பிறவா போறது?"

"மாமி ஆளில்லாத ரூமில ஒரு பல்பு எரிய விடுவாவளா? சுவிட்சை அணைச்சா எல்லாம் போச்சு. இனி முதல்ல இருந்தாக்கும்."

"அணைச்சிருப்பா. எனக்க அம்மையாக்கும்! பாஸ்டரை விளிச்சு அவனுக்கு அடக்கம் வச்சிரலாம்."

அவள் சிரிக்கவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

உதியன்குளங்கரையில் இறங்கினார்கள். ஸ்டாப்பில் அவன் அம்மா குடையோடு நின்றாள். மருமகள் படியிலிருந்தே கேட்டாள்.

"மாமி, உள்ள சுவிட்சை அணைச்சியளா?"

"அணைக்கத்தான் போனேன் மக்கா. பாத்தா ஒரு பய பனியில தனியா நிக்கியான். தோளில ஒரு துண்டு கூட இல்ல. எனக்கு மனசு கேக்கல்ல."

"அப்ப அணைக்கல்லியா?"

"ஃபேனை மட்டும் அணைச்சிட்டு வந்தேன்."