ஈரமில்லாத நாலு நிமிடம்

ஆடிக் கிருத்திகை வாரத்தில் திருத்தணியில் துணி காயவே காயாது, இன்ஸ்பெக்டர் மேடம். மலையேறுகிற காவடிக் கூட்டத்தின் வேர்வையும் காற்றில் சேர்ந்துகொள்ளுமோ என்னவோ. எனக்குப் பிரச்சினை அந்த ஈரத்தில்தான் ஆரம்பித்தது.

நான் கிரிதர். இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் சொல்லித்தருகிறேன். எங்கள் குடும்பம் தலைமுறையாக மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைத்தது. நானோ காற்றைச் சமைப்பதாக அப்பா சொல்வார். அதில் தப்பில்லை. லேசரை ஒரு புள்ளியில் குவித்தால் அங்கே காற்று உடைந்து, ஊதாப் பொறியாக, பிளாஸ்மாவாக மாறும். அதற்குள் எலக்ட்ரான்கள் கூட்டமாக முன்னும் பின்னும் அதிரும்போது டெராஹெர்ட்ஸ் கதிர் பிறக்கிறது. துணி, அட்டை எல்லாவற்றையும் ஊடுருவும். ஆனால் நீராவி அதை விழுங்கிவிடும்.

அதனால் கதிரை அளக்கும் என் வரைபடத்தில் பள்ளங்கள் விழுந்தன. ஏசியை மாற்றியும் போகவில்லை. ஆய்வக உதவியாளர் நாகேந்திரன் பொதட்டூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். ஐம்பது வயது, நல்ல மனிதர். லேசர் இருக்கும் கண்ணாடி அறைக்குள் போய், கதிரைப் பிடிக்கும் படிகத்தைத் திருத்தி வைப்பது அவர் வேலை; நான் வெளியே கணினி முன்னால் இருப்பேன். அவர் உள்ளே இருக்கும்போது பள்ளங்கள் ஆழமாயின. ஒரு மனிதன் மூச்சில் ஒரு நாளைக்கு ஒரு டம்ளருக்கு மேல் தண்ணீர் போகிறது. அதை ஒரு குற்றமாக நான் சொல்லவில்லை.

முதலில் தண்ணீர் பாட்டிலை வெளியே வைக்கச் சொன்னேன். பிறகு இட்லி வேண்டாம் என்றேன். இட்லியில் ஆவி அதிகம். முகம் சுளிக்காமல் சப்பாத்திக்கு மாறினார். கடைசியில், அளவெடுக்கும்போது மூச்சை அடக்க முடியுமா என்று கேட்டேன்.

"எவ்ளோ நேரங்க சார்?"

"நாலு நிமிஷம்."

கொஞ்சம் யோசித்தார். "டைம் குடுங்க சார், பழகிக்கினு வரேன்."

பழகவும் செய்தார். காலையில் ஊர்க் குளத்தில் முங்கி எண்ணுவாராம். மனைவி ஜெயம்மா படியில் நின்று கடிகாரம் பார்ப்பாராம். ஒன்றே முக்கால் நிமிடம் வரை வந்துவிட்டார். எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. ஆனால் மீதி இரண்டேகால் நிமிடத்தை நான் என்ன செய்வது?

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு, அவர் உள்ளே போனதும் கதவை வெளியே தாழிட்டேன். காற்று கசியக்கூடாது. அறைக்குள் வாயு விடும் நைட்ரஜன் சிலிண்டர்களைத் திறந்தேன். நைட்ரஜனில் ஈரமே கிடையாது, வாசனையும் இல்லை. ஆக்ஸிஜன் குறைந்தால் கத்துகிற கருவி ஒன்று சுவரில் உண்டு. அதன் பேட்டரியை முந்தின நாளே கழற்றியிருந்தேன். சத்தத்தில் என்னால் வேலை செய்ய முடியாது.

சற்று நேரத்தில் அவர் கண்ணாடியைத் தட்டினார். மேஜை அதிரும், தட்டாதீர்கள் என்று கையால் காட்டினேன். இன்னும் இரண்டு முறை தட்டினார். பிறகு உட்கார்ந்தார். பிறகு படுத்துக்கொண்டார்.

நாலு நிமிடம் முழுதாகக் கிடைத்தது. கோடு ஒரு பள்ளமும் இல்லாமல் ஓடியது. கட்டுரையில் அவர் பெயரை இரண்டாவதாகப் போட்டிருக்கிறேன். ஜெயம்மாவிடம் வரைபடத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்தேன். அவர் கை நீட்டவில்லை.

"மூச்ச அடக்கணும்னு தானே சொன்னீங்க" என்றார்.

நீங்கள் கேட்பதும் நியாயம்தான், மேடம். படிகத்தை வைத்ததும் அவரை வெளியே வரச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாக நானும் யோசிக்கிறேன். அது எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே வந்தாலும் அவர் மூச்சு விட்டுக்கொண்டுதானே இருப்பார்.