இழுப்பறையில் இருந்த பொட்டலம்

காபி நன்றாக இருக்கிறது. எங்கள் கடைக் காபியைக் குடித்துப் பழகிய நாக்குக்கு வெறும் வெந்நீரே அமிர்தம் என்று டுவேன் சொல்வான். ஆனாலும் இது நல்ல காபிதான். அந்த ஒலிப்பதிவுக் கருவி ஓடட்டும், எனக்குக் கூச்சமில்லை. பத்தொன்பது வருடம் போனில் பேசிச் சம்பளம் வாங்கியவள் நான்.

என் பெயரில் நீங்கள் எழுதிக்கொண்டு வந்த வாக்குமூலத்தைப் படித்துவிட்டேன், ஷெரிஃப் ப்ரெக்கி. கையெழுத்து அழகாக இருக்கிறது. உங்கள் அம்மாவும் இப்படித்தான் எழுதுவார். பாத்திரம் கழுவும் மெஷின் பழுதானபோது பணிவாக ஒரு சீட்டு எழுதி எங்கள் கடைக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போயிருந்தார். நீங்கள் எழுதியதில் ஒரே ஒரு வரிதான் எனக்கு ஒப்பவில்லை. அந்த வரியோடு என்னால் கையெழுத்துப் போட முடியாது. ஏன் என்று சொல்லத்தான் வக்கீல் வேண்டாம் என்றேன்.

பெயர் ஆர்லிஸ் ட்வெட். வயது அறுபத்தொன்று. ஹேகன் வீட்டுச் சாமான் கடையில் ரிப்பேர் மேசை என்னுடையது. ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கேஸ் அடுப்பு, எது மக்கர் செய்தாலும் முதல் போன் எனக்குத்தான் வரும். அடுத்த கடைக்கு எழுபது மைல் போக வேண்டும். அதனால்தான் எங்கள் கடை பிழைத்தது. நல்ல சேவை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதலாளி மெர்ல் ஹேகன் மூன்று மெக்கானிக்கை ஒன்றாகக் குறைத்துவிட்டு, அந்த ஒருவனையே, டுவேனையே, டெலிவரிக்கும் அனுப்பினார். எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே வாக்கியம். "பார்ட் ஆர்டர் பண்ணியிருக்கோம், வந்ததும் கூப்பிடறோம்." தூக்கத்தில் எழுப்பினாலும் அதைத்தான் சொல்வேன்.

இந்தப் பக்கத்து ஜனங்களை உங்களுக்குத் தெரியும். நீங்களும் நார்த் டகோட்டாக்காரர்தானே. வீடு பற்றி எரிந்தாலும் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்து, "சாப்பிட்டுட்டு இருக்கீங்களா? முடிச்சிட்டே வாங்க" என்பார்கள். என் மேசைக்கு வரும் போனில் 'அவசரமில்லை' என்ற சொல் ஒருமுறை வந்தால் அடுத்த வாரம் போனால் போதும். இரண்டு முறை வந்தால் நாளைக்குப் போக வேண்டும். மூன்று முறை வந்தால் டுவேனைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பி அனுப்பிவிடுவேன். இந்தக் கணக்கை யாரும் எனக்கு எழுதித் தரவில்லை. இந்த மண்ணில் பிறந்தவளுக்குத் தானாகத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள், வழக்குக்கு இது வேண்டும்.

வெர்னா லோக்கனுக்கும் எனக்கும் பகை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒரே சர்ச். அவர் வீடு ஊருக்கு வடக்கே எட்டு மைல், பண்ணை வீடு, புருஷன் ஆர்வில். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய வாஷிங் மெஷின் நின்றுபோனது. நாலு தடவை டுவேன் போனான், நாலு தடவையும் வேறு பார்ட்டோடு போனான். ஒன்பது வாரம் வெர்னா தங்கை வீட்டில் துணி துவைத்தார். ஒருநாளும் குரலை உயர்த்தவில்லை. அதற்குப் பதிலாக ஊர் வாரப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்.

நீளமான கடிதம் இல்லை. கடைக்காரர்கள் நல்லவர்கள், டுவேன் தங்கமான பையன் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு வரி. "சர்வீஸ் மேசையில் இருக்கும் அம்மாள் ஒருமுறைகூடத் திருப்பிக் கூப்பிட்டதில்லை. பாவம், மறதி வந்துவிட்டது போலிருக்கிறது."

பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. மேசை ஒன்று, அம்மாள் ஒன்று.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஊர் வாய்க்கு மூடியே வேண்டாம், தானாக மூடிக்கொள்ளும். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வழக்கம்போலச் சர்ச் நிலவறையில் காபி குடித்தபோது யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லோரும் என்னிடம் மெதுவாக, தெளிவாகப் பேசினார்கள். பாதிரியாரின் மனைவி திங்கட்கிழமை கடைக்கு வந்து ஒரு குறுக்கெழுத்துப் புத்தகத்தை என் மேசையில் வைத்தாள். "மூளைக்கு நல்லதாம், ஆர்லிஸ். சும்மா, பொழுதுபோக்குக்கு." மெர்ல் ஒரு கட்டு மஞ்சள் ஒட்டுச்சீட்டு வாங்கித் தந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. எல்லாத்தையும் இதுல எழுதி ஒட்டிடுங்க."

என் அம்மா மறதியில்தான் போனாள். கடைசி நாலு வருடம் முதியோர் இல்லத்தில் என்னை 'நர்ஸம்மா' என்று கூப்பிட்டாள். ஊருக்கே தெரியும், வெர்னாவுக்கும் தெரியும். அன்றைக்கு நிலவறையில் எனக்கு வெட்கமாக இருந்தது. உடம்பெல்லாம் கூசும்படியான வெட்கம். அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாஷிங் மெஷின் விஷயத்தில் நான் மறக்கவில்லை. வேலை அதிகம், கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

போன அக்டோபரில் வெர்னா எங்களிடமே புது கேஸ் அடுப்பு வாங்கினார். அடியில் ஓவன் வைத்த பெரிய அடுப்பு. எழுபது மைல் போகச் சோம்பல் போலும். அந்த மாடல் நகரத்துக் குழாய் கேஸுக்கு ஏற்றபடி வரும். பண்ணை வீடுகளில் வாசலில் தொட்டி வைத்து புரொப்பேன் கேஸ் எரிக்கிறார்கள். அதற்கு பர்னருக்குள் இருக்கும் பித்தளை ஜெட்களை எடுத்துவிட்டுச் சின்னத் துளை உள்ளவற்றைப் போட வேண்டும். போடாவிட்டால் கேஸ் அளவுக்கு மீறிப் பாயும், முழுதாக எரியாது, வாசனையே இல்லாத விஷப்புகை வரும். ஜெட்கள் ஒரு பொட்டலத்தில் பெட்டியோடு வர வேண்டும். அன்றைக்கு வரவில்லை. டுவேன் அடுப்பை இறக்கி வைத்துவிட்டு, "இப்போதைக்கு எரியும், ஒரு வாரத்துல வந்து மாத்திடறேன்" என்று சொல்லிவிட்டு வந்தான். அது டுவேனின் தப்பு. அவன் இப்போது வேலையை விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறானாம். அவனை விட்டுவிடுங்கள். வந்தவுடன் என்னிடம் சொன்னான், நான் ஆர்டர் போட்டேன்.

பொட்டலம் நவம்பர் ஆறாம் தேதி வந்தது. கட்டைவிரல் அளவுதான். கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான். வாங்கி என் மேசை இழுப்பறையில், குறுக்கெழுத்துப் புத்தகத்துக்கு அடியில் வைத்தேன். அன்று மாலை டுவேன் கேட்டான். "லோக்கன் வீட்டு ஜெட் வந்துச்சா?" "ஆர்டர் பண்ணியிருக்கோம்" என்றேன். அவன் சிரித்தான். "அட, என்கிட்டயுமா அதே பாட்டு?"

வெர்னா முதலில் கூப்பிட்டது நவம்பர் பன்னிரண்டு. "அவசரமில்ல, ஆர்லிஸ். அடியில பாத்திரம் கரி பிடிக்குது, அதான் கேட்டேன்." வந்ததும் கூப்பிடுகிறோம் என்றேன்.

அடுத்தது டிசம்பர் இரண்டு. "தீ மஞ்சளா எரியுது. எப்பவும் நீலமாத்தானே இருக்கும்? அவசரமில்ல. இந்தக் குளிர்ல டுவேனை அலைய வைக்காதீங்க. அவசரமே இல்ல." இரண்டு முறை.

மூன்றாவது, டிசம்பர் பதினான்கு. கிறிஸ்துமஸ் பலகாரம் சுட ஆரம்பித்திருந்தார். லோக்கன் வீட்டில் ஏழு வகை. அவர் மாமியார் காலத்திலிருந்து ஏழு. ஆறு சுட்டால் ஊர் என்ன சொல்லும்? ஓவன் காலையிலிருந்து எரிகிறது. "ரெண்டு மணி நேரம் சமையலறையில நின்னா தலை கிண்ணுனு வலிக்குது. மாட்டுக்கொட்டகைக்குப் போனா சரியாயிடுது. வேடிக்கைய பாருங்களேன், மாட்டுக்கிட்ட போனாத்தான் எனக்கு நல்லா இருக்கு. அவசரமில்ல ஆர்லிஸ். நிஜமா அவசரமில்ல. உங்களுக்கு நேரம் கிடைக்கறப்போ, அவசரமில்ல."

நான் எண்ணினேன். மூன்று.

என் மேசைக்கு எதிரே சுவரில் ஓர் அட்டை இருக்கிறது. நீங்கள் சோதனைக்கு வந்தபோது பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தீ, தலைவலி, வெளியே போனால் குணம் என்று யாராவது சொன்னால், கேஸை மூடச் சொல், ஜன்னலைத் திறக்கச் சொல், வீட்டை விட்டு வெளியே போகச் சொல், நீயே அவசர எண்ணுக்குக் கூப்பிடு. தட்டச்சு செய்து ஒட்டியவள் நானே. வெர்னா பேசிக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சர்வீஸ் சீட்டில் 'வாடிக்கையாளர் அவசரமில்லை என்கிறார்' என்று எழுதினேன். அந்தச் சீட்டைத்தான் நீங்கள் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நீங்கள் எழுதியது இதோடு நின்றுவிடுகிறது. மறுநாள் பதினைந்தாம் தேதி காலை பத்தேகாலுக்குக் கடையிலிருந்து லோக்கன் வீட்டுக்கு ஒரு போன் போயிருக்கிறது, நாலு நிமிடம். டுவேனை அனுப்ப நாள் குறிக்கக் கூப்பிட்டிருப்பேன் என்று நீங்களே முடிவு கட்டி, எழுதாமல் விட்டுவிட்டீர்கள். இல்லை. திருப்பிக் கூப்பிட்டதே இல்லை என்றுதானே பத்திரிகையில் எழுதினார். நான் திருப்பிக் கூப்பிட்டேன்.

அவருக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! "அடடே, நீங்களே கூப்பிட்டீங்களே" என்றார். நான் அந்த மஞ்சள் தீயைப் பற்றிக் கேட்டேன். சமையலறை ஜன்னலில் காற்று நுழைகிறதா என்றேன். பழைய வீடு, நுழையத்தான் செய்கிறது என்றார். அப்படியானால் காற்றுப் பட்டுத்தான் தீ மஞ்சளாகிறது, குளிர்காற்று பட்டால் தலையும் வலிக்கும் என்றேன். குளிர்காலத்தில் நாமெல்லாம் ஜன்னலுக்கு ஒட்டுகிற பிளாஸ்டிக் தாள் இருக்கிறதே, அதை வாங்கிச் சமையலறை முழுக்க ஒட்டிவிடுங்கள், கதவிடுக்கில் துணி வையுங்கள், ஜெட் வரும்வரை கவலையில்லை என்றேன். அவர் வீட்டில் விஷப்புகை அலாரம் கிடையாது. இருந்தால் எங்களிடம்தான் வாங்கியிருப்பார்.

"ஆர்வில் கிட்ட இன்னைக்கே சொல்றேன்" என்றார். போனை வைக்கவில்லை. "ஆர்லிஸ், அந்த லெட்டர்... நான் எழுதியிருக்கக் கூடாது. உங்க அம்மாவை நினைச்சாவது எழுதாம இருந்திருக்கணும். ரெண்டு வருஷமா மனசுல உறுத்துது."

இந்த ஊரில் யாரும் யாரிடமும் இப்படிப் பேசமாட்டார்கள். பொட்டலம் இழுப்பறையில் இருந்தது. டுவேன் எதிரே நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான். எட்டு மைல்தான். ஆனால் பிளாஸ்டிக் தாள் விஷயத்தைச் சொல்லி முடித்தாயிற்று. வாடிக்கையாளரிடம் சொன்ன சொல்லை மாற்றுவது எனக்குப் பழக்கமில்லை. மாற்றினால், 'பார், ஆர்லிஸுக்குத் தான் சொன்னதே மறந்துவிட்டது' என்பார்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, வெர்னா. எனக்கு ஞாபகமே இல்ல" என்றேன். அது நாகரிகத்துக்குச் சொன்னது.

பதினேழாம் தேதி மத்தியானம் ஆர்வில் கொட்டகையிலிருந்து சாப்பிட வந்தபோது வெர்னா அடுப்பருகே கீழே கிடந்தார். மேசையில் ஆறு வகைப் பலகாரம் அடுக்கி, துணி போட்டு மூடியிருந்தது. ஏழாவது ஓவனில் கருகிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் தாளை ஆர்வில்தான் ஒட்டினார். ஒரு சுருக்கம் இல்லாமல் ஒட்டியிருந்தார் என்று டுவேன் சொன்னான்.

அடக்கத்துக்கு நான் உருளைக்கிழங்கும் கறியும் வைத்து ஓவனில் சுட்ட ஹாட்டிஷ் கொண்டுபோனேன். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. ஆர்வில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க திருப்பிக் கூப்பிட்டீங்கன்னு அன்னைக்குப் பூராவும் சொல்லிட்டே இருந்தா. அவ்வளவு வேலையிலயும் கூப்பிட்டீங்களே." பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தனுப்பினார். அவர் வீட்டு மனுஷர்கள் அப்படி.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். 'வேலைப் பளுவில், வயதின் காரணமாக, பொட்டலம் வந்ததை மறந்துவிட்டேன்.' இதை அடித்துவிடுங்கள், ப்ரெக்கி. எனக்கு நல்லது செய்வதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள், தெரியும். "இப்படி எழுதினா வீட்டுக்குப் போயிடலாம், ஆர்லிஸ்" என்று நீங்கள் சொன்னதும் காதில் விழுந்தது. ஆனால் நாளைக்கு இது பத்திரிகையில் வரும். நிலவறையில் மறுபடி எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசுவார்கள். தேதியெல்லாம் சொன்னேன் இல்லையா? எந்தச் சீட்டையும் பார்க்காமல் சொன்னேன். பொட்டலம் எங்கே இருந்தது என்பது நாற்பத்தொரு நாளும் எனக்குத் தெரியும். தினமும் காலையில் இழுப்பறையைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். அந்த இடத்தில் 'தெரிந்தே செய்தேன்' என்று எழுதுங்கள். கொன்றேன் என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. கையெழுத்துப் போடுகிறேன்.

பேனா கொடுங்கள். இது எழுதுகிறதா? சரி.

காபி நன்றாக இருக்கிறது. எங்கள் கடைக் காபியைக் குடித்துப் பழகிய நாக்குக்கு வெறும் வெந்நீரே அமிர்தம் என்று டுவேன் சொல்வான். இதை உங்களிடம் சொன்னேனா? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?