மழை நாளில் வரைந்த சூரியன்

பெங்களூரில் சூரியனை ஆராய வருபவன் முதலில் வாங்க வேண்டியது நல்ல குடை. ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை வானம் மூடியே கிடக்கும். சிரிக்கலாம் இன்ஸ்பெக்டர், நான் துணைவேந்தர் என்று தயங்க வேண்டாம்.

சூரியனின் கரும்புள்ளிகளைத் தினமும் தொலைநோக்கியில் பார்த்து, காகித வட்டத்துக்குள் வரைவது எங்கள் வேலை. மேகம் மறைத்தால் 'மேகம்' என்று எழுதி வட்டத்தைக் காலியாக விடவேண்டும். மற்றவர்கள் விட்டார்கள். எனக்குக் காலி வட்டத்தைக் கண்டாலே வயிறு எரியும். பதினோரு வருடம், ஒரு நாள் விடாமல் வரைந்தேன். டாக்டர் பட்டம், பேராசிரியர் பதவி, இந்தச் சுழல் நாற்காலி எல்லாம் அந்த நோட்டுகள் தந்தவைதான். 'சூரியனே லீவு போட்டாலும் சார் போடமாட்டார்' என்று பாராட்டு விழாவில் ஒருவர் பேசினார். முதலில் கைதட்டியது நான்.

வீணா என் ஆராய்ச்சி மாணவி. அவள் அப்பா சின்னப்பா பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டுகிறார். என் நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னால், மகராசி, பழைய மழைப் பதிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"சார், இந்த நானூறு நாளும் இங்க ஃபுல்லா மழை. சன்னே தெரிஞ்சிருக்காது. எப்டி சார் வரைஞ்சீங்க?"

"இப்ப என்னம்மா பண்ணப் போற?"

"தீசிஸ்ல எழுதித்தானே ஆகணும்? சாரி சார்."

சாரி வேறு. என் மானத்தை வாங்கப் போகிறவள் மரியாதையில் குறை வைக்கவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது.

எங்கள் பழைய தொலைநோக்கியில் கண் வைக்கும் குழாய்க்குள் ஒரு கறுப்புக் கண்ணாடி திருகியிருக்கும். கண்ணைக் காப்பது அதுதான். இருக்கிறதா இல்லையா என்று வெளியே தெரியாது. தினமும் ஒன்பது மணிக்கு முதலில் கண் வைப்பவள் வீணா. மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தது. நான் எட்டரைக்கே போய்விட்டேன்.

பிறகு விசாரணைக் குழு அமைத்தேன், தலைவர் நான்தான். 'மாணவியின் கவனக்குறைவு' என்று எழுதினோம். கண்ணாடி மாட்ட மறந்தவளின் ஆராய்ச்சியை இனி யார் நம்புவார்கள்? வளாகத்தில் இலவசக் கண் முகாம்கூட நடத்தினேன்.

சின்னப்பாதான் குழாயை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மரை புதுசா தேஞ்சிருக்கு சார். யாரோ ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்காங்க." லேத்காரரிடம் பொய் சொல்வது கஷ்டம்.

வீணாவின் வலது கண்ணில் இனி எழுத்து தெரியாதாம். கண்ணாடியைக் கழற்றியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: குனிந்து பார்க்கச் சொல்லி அவளை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.