டூல் பாக்ஸில் பட்டுச் சட்டை

ஓமலூர் ரயில்வே கேட்டில் எங்கள் பஸ் நின்றது. ஜன்னலுக்குக் கீழே, மக்கர் பண்ணிய மோட்டார் சைக்கிளின் பிளக்கை ஒருவர் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

"ஏனுங்க, அது எந்தத் துணீங்க?"

"டூல் பாக்ஸ்ல கெடந்துச்சு."

"அய்யோ சாமி! எங்கண்ணன் புள்ளைக்குக் காதுகுத்துக்கு எடுத்த பட்டுச் சட்டைங்க அது! ஸ்பேனரோட வெக்காதீங்கன்னு ஊட்டுலயே சொன்னனுங்களே!"

"போனவாட்டி ஹேண்டில்ல மாட்டுன நெய்த்தூக்கு ரோட்டுல கொட்டிப் போச்சு. அதுக்குத்தான் பொட்டிக்குள்ள வெச்சேன்."

"அதுக்கு?"

அவர் சட்டையை விரித்துப் பார்த்தார். "கொழந்தைக்கு மை வெக்கறதில்லியா? கரி பட்டா நல்லதுதான் புள்ள, கண்ணு படாது."

"அதை எங்கண்ணங்கிட்ட நீங்களே மொதல்ல போய்ச் சொல்லுங்க. நான் அடுத்த பஸ்ஸுல வாரேன்."

எங்கள் பஸ்ஸில் இடம் இருந்தது. அந்தம்மா ஏறவில்லை.