தர்மராஜ் வீட்டுச் சந்தன மாலை

சாயங்காலம் நாலேகால் மணி. ஆள் அரவமில்லாத சாலை. இரண்டு பக்கமும் பனி மூடிய கோதுமை வயல்... கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை. நல்ல இருட்டு.

இனியன் சிரித்துவிட்டான். "நாலேகாலுக்கு இன்னாடா இருட்டு? டீ குடிக்கிற நேரம்."

சிரி, இனியா. போன வாரம் உனக்கு விசா வந்தது. நாளைக்கு வழியனுப்பு விழா. அதற்காகத்தான் உன் வீட்டு மொட்டை மாடியில் ஐந்து பேர் ஒரே பாயில் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கரண்டும் போய்விட்டது. அதனால் சொல்கிறேன். நீ போகப்போகிற நாட்டில் மார்கழி மாதம் நாலேகாலுக்கு விளக்கு வைத்துவிடுவார்கள். அந்த இருட்டில்தான் தீனதயாளன் நடந்து போனான். நம் பிரபாவுக்குப் பெரியப்பா மகன். பிரபா இதோ பக்கத்தில்தான் இருக்கிறான். நான் சொல்வது பொய்யென்றால் அவனே சொல்லட்டும்.

பிரபா காலை மடக்கிப் பாய்க்குள் இழுத்துக்கொண்டான்.

வேலை முடிந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். பூட்ஸுக்குக் கீழே பனி நொறுங்குகிற சத்தம்... கரக்... கரக்... வேறு சத்தமே கிடையாது. எதிரே பனி தள்ளுகிற லாரி வந்தது. மஞ்சள் விளக்கு சுற்றிக்கொண்டிருந்தது. தினமும் வருகிற டிரைவர்தான். தீனா கையைத் தூக்கினான். லாரி வேகத்தைக் குறைக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை. இவன்தான் வயலில் விழுந்து உருண்டான். எழுந்து, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தான்.

பனி வழவழவென்று இருந்தது. விரித்த வேட்டி மாதிரி. விழுந்த இடத்தில் பள்ளம் இல்லை. நடந்து வந்த இடத்தில் ஒரு காலடி கூட இல்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். திருப்போரூருக்கு.

பிரபாவின் பெரியப்பா தர்மராஜைத் திருப்போரூரில் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாதவர் யாரும் தப்பிவிடக் கூடாதென்று கூட்டு ரோட்டுக்குக் கூட்டு ரோடு பேனர் வைத்திருந்தார். வீட்டுமனை வியாபாரம். தன் அப்பா உழுத நாலு ஏக்கரில் கல் நட்டு, 'லண்டன் கார்டன்' என்று பெயர் வைத்தவர். கிராமம் என்ற சொல்லே ஆகாது. யாரைத் திட்டினாலும் "பட்டிக்காட்டான்" என்றுதான் திட்டுவார்.

அவருடைய மகன், அந்த வயலை விற்ற காசில், கடல் கடந்து போய் இன்னொரு வயல் நடுவே குடியேறினான். கனடாவில் கிராமப்புறத்தில் வேலை பார்த்தால் குடியுரிமை சீக்கிரம் வருமாம். அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் உள்ள ஊர். ஒரு சர்ச், ஒரு சாராயக் கடை, ஒரு பெட்ரோல் பங்க். பங்கில் கல்லாவில் நிற்கிற வேலை இவனுக்கு. பேனரில் மட்டும் அந்த ஊர் வளர்ந்திருந்தது. 'கனடா மாநகரின் நிர்வாகப் பொறுப்பேற்கச் செல்லும் எங்கள் சிங்கமே.'

வழியனுப்பு விழாவுக்கு ஒரு கட்சிப் பிரமுகர் வருவதாக இருந்தது. அவருக்குப் போட ஆளுயரச் சந்தன மாலை வாங்கி வைத்திருந்தார்கள். பிரமுகர் வரவில்லை. மாலை மிஞ்சிவிட்டது. அவ்வளவு பெரிய மாலையை வீணாக்கப் பெரியப்பாவுக்கு மனசு வரவில்லை.

ஹாலில் மகன் படத்தை மாட்டினார். நாலடிக்கு மூன்றடி. வாடகை கோட்டு, பின்னால் ஸ்டுடியோக்காரன் போட்ட பனிமலை. மேலே அந்த மாலை. கீழே சின்னதாக ஒரு சிவப்பு பல்பு. பல்புக்குப் பிளக் பாயிண்ட் வேண்டுமே. அது இருந்தது செத்துப்போன தாத்தா படத்துக்குப் பக்கத்தில். ஆகவே தாத்தா பக்கத்திலேயே பேரன். ஒரே ஒயரில் இரண்டு பல்பு.

திருக்கழுக்குன்றத்திலிருந்து வேண்டா அத்தை வந்தாள். செருப்பைக் கழற்றினவள் நிமிர்ந்து ஹாலைப் பார்த்துவிட்டு, அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள்.

"என் ராசா... எப்போ போனான், அண்ணாத்த?"

"போன வாரம். ஃப்ளைட்ல," என்றார் பெரியப்பா, பெருமையாக.

விஷயம் புரிந்ததும் அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "உயிரோட கீற புள்ளைக்கு எவனாவது மாலை போட்டு பல்பு எரிய வுடுவானா? கழட்டு மொதல்ல."

"இது மரியாதை மாலை. உனுக்குத் தெரியாது. பட்டிக்காட்டுல இருந்துகினு வந்து எனக்கு சொல்றியா?"

மாலை அங்கேயே இருந்தது. அது போதாதென்று லோகநாயகி பெரியம்மா ஒன்று செய்தாள். தப்பு சொல்ல முடியாது, பெற்றவள். பிள்ளை அங்கே என்ன தின்கிறதோ என்ற ஏக்கம். ராத்திரி எட்டு மணிக்குச் சமைத்ததில் கொஞ்சம் தட்டில் போட்டு, படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிடுவாள். பிள்ளை எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிற மாதிரி இருக்குமாம்.

இங்கே ராத்திரி எட்டு என்றால் அங்கே காலை ஏழரை. ஒரு நாள் சரியாக அந்த நேரத்துக்குத் தீனா போன் பண்ணினான்.

"இன்னாம்மா, இன்னிக்கு வஞ்சிரமா? மொளகு தூக்கலா கீதே."

தங்கச்சி திவ்யா சொல்லியிருப்பாள் என்று பெரியம்மா நினைத்தாள். திவ்யா சொல்லவில்லை. மறுநாள் நெத்திலி. அதற்கு மறுநாள் புதுப்பட்டினத்துக் கருவாடு. தினமும் சரியாகச் சொன்னான். வாயில் ருசி தானாக வருகிறதாம். ஏப்பம் கூட வருகிறதாம். பெரியம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தெருவெல்லாம் சொன்னாள்.

பத்து நாள் கழித்து வேறு மாதிரி பேசினான். "அம்மா, இங்க எதுவும் எறங்கல. ரொட்டி மண்ணு மாதிரி கீது. தண்ணி குடிச்சா குடிச்ச மாதிரியே இல்ல."

அப்புறம் பங்க் கடையின் கதவு. ஆள் கிட்டே வந்தால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. இவனுக்குத் திறப்பதை நிறுத்திவிட்டது. வேறு யாராவது வரும்வரை குளிரில் நின்று, அவர்கள் முதுகோடு ஒட்டி உள்ளே போவான். முதலாளியிடமிருந்து மெயில் வந்தது. ஒன்பது நாளாக வேலைக்கு வரவில்லை, இனியும் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம், பர்மிட்டும் போய்விடும் என்று.

"நான் தெனம் போறேன் பிரபா," என்று போனில் அழுதான். "கல்லாவுல நின்னுகினுதான் கீறேன். எவனும் என் மூஞ்சப் பாக்க மாட்டேன்றான். துட்ட மேசை மேல வச்சிட்டுப் போறான்."

அதற்கு அடுத்த நாள்தான் அந்தப் பனி. அந்தக் காலடி. இங்கே விடியற்காலை ஐந்து மணி இருக்கும், பிரபாவுக்குப் போன் வந்தது. தீனா ரொம்ப மெதுவாகப் பேசினான்.

"எங்க வூட்டு ஹால்ல... என் போட்டோவுக்கு இன்னா பண்ணி வச்சிகீறீங்க? ரூம்ல லைட் அணைச்சா செவப்பா தெரியுதுடா. எங்கேந்து வருதுன்னு தெரியல."

பிரபா ஓடிப்போய்ப் பெரியப்பாவிடம் சொன்னான். அவர் பேப்பரை மடிக்கவில்லை. "மாசில திவ்யாவுக்கு நிச்சயம். மாப்ள வூட்டுக்காரங்க வந்து பாக்கணும். அதுவரைக்கும் இருக்கட்டும்."

பெரியம்மாவிடம், தட்டு வைப்பதையாவது நிறுத்துங்கள் என்றான். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "வேற எதுவும் எறங்கலன்றான் பிரபா. இதையும் நிறுத்திட்டா... புள்ள இன்னாத்த துன்னும்?"

கீழே டக்... டக்... என்று சத்தம் கேட்டது.

"இன்னாது அது?" என்றேன்.

"எங்கப்பா," என்றான் இனியன். "ஆணி அடிக்கிறாரு. நாளைக்கு ஃபங்ஷன் ஆச்சே, காலைல நேரம் இருக்காதுன்னு."

"எதுக்கு ஆணி?"

இனியன் பாயின் ஓரத்தைப் பிய்க்க ஆரம்பித்தான். நான் விட்டுவிட்டேன். மேலே கேளுங்கள்.

பொங்கல் கழித்து ஒரு நாள். ராத்திரி எட்டு. பெரியம்மா தட்டு வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். தீனாவின் குரல் நிறைந்த வாயோடு வந்தது.

"அம்மா... ஒரு நாலு நாளா தாத்தா வந்து உக்காந்துகினு கீறாரு."

பெரியம்மா நிமிர்ந்து தாத்தா படத்தைப் பார்த்தாள்.

"பேச மாட்டேன்றாரு. என் தட்டுலேந்து எடுத்து எனக்கு ஊட்டி வுடறாரு. போதும்னாலும் வுட மாட்டேன்றாரு. சுருட்டு நாத்தம்மா... அவர் வெரல்ல."

தாத்தா செத்தபோது தீனாவுக்கு இரண்டு வயது. அவர் சுருட்டு பிடிப்பார் என்று யாரும் அவனுக்குச் சொன்னதில்லை.

அன்று பெரியம்மா போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. பெரியப்பா அசையவில்லை. அவரை அசைத்தது வேறு. மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். 'உங்க பையன் வெளிநாட்டுல தவறிட்டதா கேள்விப்பட்டோம், எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.' யாரோ ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பாவுக்கு வேர்த்துவிட்டது. மாலையைக் கழற்றியே ஆக வேண்டும். கழற்றியது ஊருக்கும் தெரிய வேண்டும்.

பிள்ளை கழுத்தில் கிடந்த மாலையைக் குப்பையில் போடக் கூடாது, கால் படாத இடத்தில் விடு என்று வேண்டா அத்தை சொல்லியிருந்தாள். கொல்லைக் கிணறு போதும். பெரியப்பாவுக்குப் போதுமா? மாமல்லபுரம் கடல். மூன்று கார். வீடியோ எடுக்கப் பிரபா. கூட்டம் வேண்டுமென்று அவரே பார்த்து வைத்த நாள்... தை அமாவாசை.

விடிந்தும் விடியாமலும் கரை முழுக்க ஜனம். எல்லாரும் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவே பெரியப்பா பட்டு வேட்டியில், நாலடிப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார்.

மாலையை மட்டும் விட்டால் போதும் என்றான் பிரபா.

"படம் இல்லாம வெறும் மாலைய வுட்டா, வீடியோல யாருக்குன்னு தெரியுமா?"

தர்ப்பணம் செய்துவைக்கிற ஆள் ஒருவர் படத்தைப் பார்த்தார். "புள்ளையா?" என்றார், இரக்கமாக.

"என் புள்ளதான். கனடா," என்றார் பெரியப்பா.

அந்த ஆள் வழக்கப்படி செய்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கையில் எள் கொடுத்தார். தண்ணீர் விடச் சொன்னார். மூன்று முழுக்கு என்றார். எதற்கென்று பெரியப்பா கேட்கவில்லை, கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பிரபாவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இடுப்பளவு தண்ணீரில் நின்று பெரியப்பா கத்தினார்.

"டேய் பிரபா, மூஞ்சி தெரியற மாதிரி எடு."

"எடுத்துகினுதான் கீறேன் பெரிப்பா."

படம் மல்லாந்து மிதந்தது. கோட்டுப் போட்ட தீனா வானத்தைப் பார்த்துக்கொண்டு இரண்டு அலை தாங்கினான். மூன்றாவது அலை மூடியது.

"திரும்பிப் பாக்காம கரையேறுங்க," என்றார் அந்த ஆள். திரும்பிப் பார்க்காமல் ஏறினார்கள்.

கார் பூஞ்சேரி கூட்டு ரோட்டைத் தாண்டும்போது பிரபாவின் போனில் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. தீனா அனுப்பியது. இருபத்தோரு விநாடி. அவன் இருந்த ஊரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் நூற்றுக்கணக்கான மைல் தள்ளித்தான். ஆனால் முதலில் கேட்டது அலை. காதுக்குள் தண்ணீர் புகுந்தால் கேட்குமே, அந்த மாதிரி. கும்... கும்...

"பிரபா... நனையுதுடா... தாத்தா கைய வுட மாட்டேன்றாரு..."

மறுபடியும் அலை. அப்புறம் மேலேயிருந்து, ரொம்பத் தூரத்திலிருந்து, இரண்டு குரல்.

"மூஞ்சி தெரியற மாதிரி எடு."

"எடுத்துகினுதான் கீறேன் பெரிப்பா."

அதோடு சரி. அந்த ஊர்ப் போலீஸ் தீனா வீட்டைத் திறந்து பார்த்தது. ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. சட்டைகள் மடித்தபடி இருந்தன. ஆள் இல்லை. தரை மட்டும் ஈரம். மாசியில் திவ்யாவின் நிச்சயதார்த்தம் நன்றாகவே நடந்தது. பையனுக்கு லீவு கிடைக்கவில்லை என்று பெரியப்பா எல்லாரிடமும் சொன்னார். பெரியம்மா இன்னும் எட்டு மணிக்குத் தட்டு வைக்கிறாள். படம் இல்லாத வெறும் ஆணிக்கு முன்னால்.

நான் நிறுத்தினேன். பிரபா போனைத் திரை தெரியாமல் கவிழ்த்து வைத்திருந்தான்.

கீழே ஆணி அடிக்கிற சத்தம் நின்று வெகு நேரமாகியிருந்தது. இனியன்தான் முதலில் தலையைத் திருப்பி, மூக்கை உறிஞ்சினான்.

படிக்கட்டு வழியாகச் சந்தன வாசனை மேலே வந்துகொண்டிருந்தது.